முறியாத எலும்பின் கணக்கு

உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொருக்கு தெரிந்திருக்கும். தேய்த்தால் போகாது, கத்தியால்தான் சுரண்ட வேண்டும். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கும் சலவைத்தூள் நிறுவனங்களுக்கும் இதே பொருக்குதான் பல காலம் தலைவலி. தண்ணீரில் துளியூண்டு பாலிபாஸ்பேட் கலந்தால் பொருக்கு கட்டுவதில்லை என்று 1930களில் கண்டுகொண்டார்கள். இன்று உலகெங்கும் வயதான பெண்கள் வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்கும் எலும்பு மாத்திரையின் பூர்வீகம் இங்கேதான் இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நியூமனோடு வேலை செய்துகொண்டிருந்தார். அவர்கள் கேட்டது ஒரு குழந்தை கேட்கக்கூடிய கேள்வி. நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எலும்பின் கனிமம். அப்படியென்றால் உடம்பு முழுக்க ஏன் கல்லாகிவிடவில்லை? பதில் பைரோபாஸ்பேட். தண்ணீர்க் குழாயில் பொருக்கைத் தடுக்கும் பாலிபாஸ்பேட் குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர். உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அதையே மருந்தாகக் கொடுக்கலாமே என்றால், வாய்வழி போனால் குடலிலேயே நொதிகள் அதை உடைத்துவிடுகின்றன. இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே இருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் உடையாது. அப்படிப்பட்ட மூலக்கூறுகள் சலவைத்தூளும் பற்பசையும் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திடம் இருந்தன. அங்கிருந்த மரியன் பிரான்சிஸ், ஃப்ளைஷ், இங்கிலாந்தின் கிரகாம் ரஸ்ஸல் ஆகியோர் 1969இல் ‘சயின்ஸ்’ இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். முதலாவது, எதிர்பார்த்ததுதான்: இந்தப் பொருள் கால்சியம் படிவதைத் தடுக்கிறது. இரண்டாவதுதான் ஆச்சரியம்: எலும்பு கரைவதையும் தடுக்கிறது. பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்துக் குடும்பம் அங்கே பிறந்தது.

முதல் மருந்தான எடிட்ரோனேட்டிலேயே சிக்கலும் வந்துவிட்டது. எலும்பு கரைவதைத் தடுக்கும் அளவுக்கும், புது எலும்பில் கனிமம் ஏறுவதைத் தடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. கொஞ்சம் கூடினால் எலும்பு மெத்தென்று ஆகிவிடும். பலனும் கேடும் ஒரே குணத்திலிருந்து வந்தன. எலும்பு மருந்துகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், மருத்துவன் அல்ல. இதையெல்லாம் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அம்மாவின் மாத்திரை டப்பா. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

நம் வீடுகளில் ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொன்னால் அது இரண்டு வேறு நோய்களைக் குறிக்கும். மூட்டு தேய்ந்து முழங்கால் வலிப்பது ஒன்று. எலும்புக்குள் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்து, வலியே இல்லாமல் இருந்து, ஒருநாள் பாத்ரூமில் வழுக்கியதும் இடுப்பு முறிவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. எலும்பு செத்த கட்டை அல்ல. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைத் தின்ன, இன்னொரு வகை புதிது கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்றபின் தின்பவர்களின் கை ஓங்குகிறது. பிஸ்பாஸ்பனேட் எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, தின்ன வரும் செல்லை முடக்குகிறது.

இந்த நோயை மாதவிடாய் நிற்பதோடு இணைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட், 1940களின் தொடக்கத்தில். அவர் சொன்ன மருந்து ஈஸ்ட்ரோஜன். அடுத்த அறுபது ஆண்டுகள் அமெரிக்கப் பெண்கள் அதை விழுங்கினார்கள். 1975இல் தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. சரி, புரோஜெஸ்டினைச் சேர்த்துக் கொடுப்போம் என்றார்கள். 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய சோதனை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் இடுப்பு எலும்பு முறிவு 5 குறைகிறது. பெருங்குடல் புற்றுநோய் 6 குறைகிறது. மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டி 8, இதயநோய் 7 கூடுகின்றன.

எலும்பை மட்டும் பார்த்திருந்தால் அது நல்ல மருந்து. மருந்துக்கு எலும்பு மட்டும்தான் உடம்பு என்று தெரியாதே.

*

அடுத்த கதை நம் மண்ணைத் தொடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வளையாத முதுகு, மடங்காத கால். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’ என்ற சொல் உண்டு. இந்த நோயைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் மூவரும் அன்றைய மதராஸ் மாகாணத்திலிருந்து 1937இல் எழுதிய கட்டுரை உலக அளவில் முன்னோடியான ஒன்று. எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் வழக்கத்தைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தியான எலும்போடு அந்த மனிதர்கள் முடங்கிக் கிடந்தார்கள்.

1960களில் மேற்கில் சிலர் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள்: ஃபுளோரைடு அடர்த்தியைக் கூட்டுகிறது என்றால், அடர்த்தி குறைந்தவர்களுக்கு அளவாகக் கொடுத்தால் என்ன? பல நாடுகளில் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 1990இல் மேயோ கிளினிக்கின் ரிக்ஸும் குழுவினரும் 202 பெண்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து முடிவை வெளியிட்டனர். முதுகெலும்பின் அடர்த்தி 35% கூடியிருந்தது. முதுகெலும்பு முறிவு சொல்லும்படியாகக் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு சுமார் மூன்று மடங்கு.

எங்கள் தொழிலில் இது தினசரி நடக்கும். டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளரோ போனில் கத்திக்கொண்டிருப்பார். அளக்க எளிதானதை அளந்துவிட்டு, வேண்டியது கிடைத்துவிட்டதென்று நம்புவது. நமக்கு வேண்டியது அடர்த்தி அல்ல, முறியாமல் இருப்பது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண் ஏறியதைப் பார்த்து மகிழும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

*

இந்தப் பின்னணியில்தான் 1995இல் அமெரிக்காவில் அலெண்ட்ரோனேட் அனுமதி பெற்றது. மெர்க் நிறுவனம், ஃபோசமேக்ஸ் என்ற பெயர். இதற்கு உண்மையான முறிவுக் கணக்கு இருந்தது. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியிருந்த 2,027 பெண்களிடம் நடந்த சோதனை 1996இல் வெளியானது. சுமார் மூன்று ஆண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15%, மருந்து எடுத்தவர்களில் 8%. இடுப்பு முறிவு 2.2% இருந்தது 1.1% ஆனது.

கடைசி எண்ணை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘இடுப்பு முறிவு பாதியாகக் குறைகிறது.’ சரிதான். ‘நூறு பேர் மூன்று ஆண்டுகள் விழுங்கினால் ஒருவருடைய இடுப்பு தப்பிக்கிறது.’ அதுவும் சரிதான். விளம்பரம் முதல் வாக்கியத்தைச் சொல்லும், மருந்தைத் திட்டுகிறவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று: அந்த மருந்தின் பலன் எல்லாருக்கும் ஒன்று அல்ல. 1998இல் அதே சோதனையின் இரண்டாம் பகுதி வந்தது. முதுகெலும்பு முறியாத 4,432 பெண்கள். அடர்த்தி மிகக் குறைந்தவர்களிடம் முறிவு 36% குறைந்தது. அந்த எல்லைக்கு மேலே இருந்தவர்களிடம் பலன் தெரியவில்லை. அந்த எல்லை மைனஸ் 2.5 என்ற டி-ஸ்கோர், 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை வகுத்தது. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருப்பவர்களுக்கு ‘ஆஸ்டியோபீனியா’ என்ற பெயர் கிடைத்தது. பெயர் வந்ததும் கோடிக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் நோயாளி போல ஆனார்கள். அவர்களில் பலருக்கும் மருந்து எழுதப்பட்டது.

*

இப்போது அம்மாவின் டப்பா.

அம்மாவுக்கு முடக்குவாதம், பன்னிரண்டு வருடமாக. தினமும் கொஞ்சம் பிரெட்னிசோலோன். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். தைராய்டு மாத்திரை. வயிற்றுக்குப் பான்டோபிரசோல். கால்சியம். வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட். வாரம் ஒருமுறை மாத்திரைகள் இரண்டு இருப்பதால் திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். அதுவரை காபி கிடையாது. இவ்வளவு செய்தும் உடம்புக்குள் போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காபி சேர்ந்தால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். கால்சியத்தைக் கூடவே போட்டால் மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். குழாய்ப் பொருக்கைப் பிடிக்கும் அதே குணம். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிறு கேட்கும், கால்சியத்திடமிருந்து நாலு மணி நேரம் தள்ளி நிற்கும். “ஒரு காபி குடிக்க ஐயர்ட்ட முகூர்த்தம் குறிக்கணும் போல” என்பார் அம்மா.

இந்தப் பட்டியலை ஒருநாள் நான் எங்கள் தொழில் வழக்கப்படி அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்தேன். எது எதற்காக வந்தது? முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு. 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு. உடம்பு தானே மிகுதியாக ஸ்டீராய்டு சுரந்தால் எலும்பு நொறுங்கும் என்பதை ஹார்வி குஷிங் 1932இலேயே எழுதியிருந்தார். ஆக, ஸ்டீராய்டுக்காக எலும்பு மாத்திரை. எலும்பு மாத்திரையும் மற்றவையும் வயிற்றை எரிப்பதால் பான்டோபிரசோல். அந்த வகை அமில மாத்திரையை ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு கூடுதலாக இருந்தது என்று 2006இல் ஓர் ஆய்வு வந்தது. கடைசி அம்பு முதல் பெட்டிக்கே திரும்பிவிட்டது.

டென்மார்க்கில் அலெண்ட்ரோனேட் தொடங்கிய 38,088 பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. அமில மாத்திரை எடுக்காதவர்களிடம் இடுப்பு முறிவு 39% குறைந்தது. சேர்த்து எடுத்தவர்களிடம் 19%, அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. இவை பதிவேட்டு ஆய்வுகள்தான். அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே நோஞ்சான்களாக இருந்திருக்கலாம், அதனால் முறிந்திருக்கலாம். ஆனாலும் கேள்வி கேட்கப் போதுமான காரணம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதுநோய் என்று எண்ணி இன்னொரு மருந்து எழுதுவதை ரோச்சன், குர்விட்ஸ் என்ற மருத்துவர்கள் 1997இல் அருவியோடு ஒப்பிட்டார்கள்.

என்னை மிகவும் நிறுத்திய விஷயம் வேறு. 1996 சோதனையில் யாரைச் சேர்க்கவில்லை என்று தேடினேன். தினமும் மருந்து தேவைப்படும் அளவுக்கு வயிற்றுக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அதாவது, பான்டோபிரசோலை நாள் தவறாமல் விழுங்கும் என் அம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதில் சதி ஒன்றும் இல்லை. ஒரு மருந்தைச் சோதிக்க மற்றவற்றின் குறுக்கீட்டைக் குறைப்பது முறைதான். ஆனால் சோதனையில் ஒரு மாத்திரையைத் தனியாக எடைபோட்டார்கள். வீட்டில் யாரும் ஒரு மாத்திரையோடு இருப்பதில்லை.

*

2003இல் மயாமியின் வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 36 பேரைப் பற்றி எழுதினார். பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவு பிஸ்பாஸ்பனேட்டை நரம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் படம் பழகியது. 19ஆம் நூற்றாண்டுத் தீப்பெட்டித் தொழிலாளர்கள் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையில் இப்படித்தான் தாடை அழுகினார்கள். 1888இல் லண்டன் தீப்பெட்டிப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இந்தப் பயமும் இருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸைத் தடைசெய்த பன்னாட்டு உடன்படிக்கை 1906இல் பெர்னில் கையெழுத்தானது. பிற்காலத்தில் ஃப்ளைஷ் பேராசிரியராக இருந்த ஊர்.

எலும்புப்புரைக்கான சிறிய அளவில் இந்தத் தாடை நோய் மிக அரிது. 10,000 பேர் ஓராண்டு எடுத்தால் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு என்று 2007இல் நிபுணர் குழு ஒன்று மதிப்பிட்டது. ஸ்டீராய்டு சேர்ந்தால் வாய்ப்பு கூடும். பிறகு தொடை எலும்பு வந்தது. பல ஆண்டுகள் மருந்து எடுத்த சிலருக்குத் தொடையின் நடுப்பகுதி, பெரிய அடி ஏதும் படாமலே, குறுக்கே சுண்ணக்கட்டி மாதிரி முறிந்தது. பழையதைத் தின்ன விடாமல் தடுத்ததால் நுண்விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேர்ந்தன என்பது முக்கிய விளக்கம். 2010 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. செய்திகள் பரவின. 2008-க்கும் 2012-க்கும் இடையில் அங்கே இந்த மாத்திரைகளின் பயன்பாடு பாதிக்கு மேல் சரிந்தது. தேவையில்லாதவர்கள் மட்டும் நிறுத்தியிருந்தால் நல்லது. தேவைப்பட்டவர்களும் நிறுத்தினார்கள்.

ஏன் என்று புரிகிறது. முறிந்த தொடைக்கு எக்ஸ்ரே உண்டு, பெயர் உண்டு, வழக்கு உண்டு. நடக்காத எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே கிடையாது. மருந்தால் இடுப்பு தப்பிய பெண்ணுக்குத் தான்தான் அந்த நூற்றில் ஒருத்தி என்று ஒருபோதும் தெரியாது.

கலிபோர்னியாவில் 196,129 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கணக்கு வந்தது. 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், 2 தொடை முறிவுகள் உண்டாகும். ஆசியப் பெண்களில் 91 தடுக்கப்படும், 8 உண்டாகும். தராசு இன்னமும் மருந்தின் பக்கம்தான், ஆனால் சாய்வு ஒன்றல்ல. ‘ஆசியர்’ என்ற பெட்டியில் யார் யாரையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியும் நிற்கிறது. ஆண்டுகள் கூடக் கூடத் தொடை முறிவின் அபாயம் ஏறியது, நிறுத்தியதும் சீக்கிரம் இறங்கியது. ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அபாயம் அதிகம். அதே ஸ்டீராய்டுதான் மருந்தின் தேவையையும் கூட்டுகிறது. ஒரே மாத்திரை தராசின் இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

*

சென்ற ஆண்டு அம்மாவுக்கு அலெண்ட்ரோனேட் தொடங்கி ஐந்து வருடம் முடிந்தது. அதே சமயம் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டிய நிலை. பல் டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். அங்கே அம்மா நேராகக் கேட்டார்: “டாக்டர், இத நிறுத்துனா என்ன ஆகும், நிறுத்தாட்டி என்ன ஆகும், ரெண்டையும் சொல்லுங்க. பெறவு நான் சொல்றேன்.”

ஐந்து ஆண்டு என்ற எல்லைக்கும் ஒரு கதை உண்டு. ஐந்து ஆண்டு மருந்து எடுத்த 1,099 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரைக்கு மாற்றி, மற்றவர்களுக்கு மருந்தையே தொடர்ந்தார்கள். முடிவு 2006இல் வந்தது. மருந்து எலும்பில் பத்தாண்டுக்கும் மேல் தங்குவதால், நிறுத்தியவர்களுக்கு உடனே பெரிய சரிவு இல்லை. பொதுவான முறிவுகளில் வித்தியாசம் இல்லை. வலியோடு வெளிப்பட்ட முதுகெலும்பு முறிவு மட்டும் நிறுத்தியவர்களில் 5.3%, தொடர்ந்தவர்களில் 2.4%. அதனால்தான் அபாயம் குறைந்தவர்களுக்கு ‘மருந்து விடுமுறை’ தருகிறார்கள். இதை எல்லா எலும்பு மருந்துக்கும் நீட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி எலும்பில் தங்குவதில்லை. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் தின்னும் செல்கள் பழிவாங்குவது போலத் திரும்பி வந்து, சிலருக்கு முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கியிருக்கின்றன.

டாக்டர் முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஒரு முள்ளெலும்பு எப்போதோ நசுங்கியிருந்தது. அம்மாவுக்கு நினைவே இல்லை. இப்படித் தெரியாமலே நசுங்குவதுதான் அதிகமாம். “விடுமுறை உங்களுக்கு இல்லம்மா” என்றார் டாக்டர். பிறகு பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூட்டு டாக்டரிடம் பேசி ஸ்டீராய்டை மெதுவாகக் குறைக்க முடியுமா? வயிற்று மாத்திரை அளவைக் குறைக்கலாமா? தொடையில் மந்தமான வலி ஏதாவது உண்டா? “வருஷத்துக்கு ஒருவாட்டி நரம்புல ஏத்துற மருந்து ஒண்ணு இருக்கு. வயித்துப் பக்கம் போகாது, காபிச் சண்டையும் இருக்காது.”

அது சோலெட்ரோனிக் அமிலம். 2007இல் வெளியான சோதனையில் இடுப்பு முறிவை 2.5%இலிருந்து 1.4% ஆக்கியது. தீவிரமான இதயத்துடிப்புச் சீர்கேடு 0.5%இலிருந்து 1.3% ஆனதும் அதே சோதனையில்தான். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், வைட்டமின் டி போதுமான அளவு இருக்க வேண்டும், பல் வேலை முன்பே முடிந்து புண் ஆறியிருக்க வேண்டும். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “விழுந்து கெடந்தா ஒங்களுக்குத்தான் கஷ்டம். பல்லப் பிடுங்கிட்டு ஊசியே போட்ருவோம். ஆனா வருஷா வருஷம் இதே மாதிரி எல்லாத்தையும் கேப்பேன்.”

பல் பிடுங்கி, புண் ஆற ஏழு வாரம் ஆனது. ஸ்டீராய்டு பாதியாகக் குறைந்திருக்கிறது. பான்டோபிரசோலை முழுதாக விட முடியவில்லை, விட்டால் எரிகிறது. ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது. அடுத்த மார்ச்சில் கேட்க வேண்டிய கேள்விகளை அம்மா காலண்டரின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் கேள்வி: ‘இன்னும் எத்தனை வருஷம்?’